ஊர் பயந்த பாட்டும் நான் எழுதிய பட்டியலும்

மகளே,

நீ சென்னை பஸ் ஏறி ஒன்பது நாளாகிறது. போய்ச் சேர்ந்ததை அப்பாவின் செல்லுக்குத்தான் சொன்னாய். என்னைப் பற்றி ஏதாவது கேட்டாயா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் அந்த இடத்தைப் பதமாகத் தாண்டி, "ஹாஸ்டல்ல சாப்பாடு பரவால்லையாம்" என்றார். ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அம்மா சொல்லி அனுப்புகிற புத்திமதி எல்லாவற்றையும் ஒரு வாரமாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து டிரைவரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் அவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை. அவற்றை இப்போதும் சொல்லப்போவதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டிய வேறொன்று இருக்கிறது. உன்னைக் கோயில் வாசலில் விழவைத்தது ஊர்ப் பஞ்சாயத்து இல்லை, நான். இதை உனக்கு மட்டும் எழுதினால் வீட்டுக்குள் பேசி முடித்த சமாச்சாரமாகிவிடும். அதனால்தான் நாலு பேர் படிக்கிற பத்திரிகைக்கு அனுப்புகிறேன். காரைக்காலுக்கு அருகே கடலோரம் என்பதோடு நிறுத்திக்கொண்டு ஊரின் பெயரை விட்டுவிட்டேன். அங்கே நல்லவர்களும் குடியிருக்கிறார்கள்.

உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயசுதான் இடைவெளி. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு பி.ஏ. படித்தேன், நீ பள்ளிக்கூடம் போன பிறகு எம்.ஏ. மீன் கூடை தூக்குகிற வீடுகளுக்கு நடுவிலிருந்து கல்லூரிக்குப் பாடம் நடத்தப் போகிற ஒரே பொம்பளை என்பதால், கால் இடறினால் ஊரே பார்க்கும் என்று எனக்கு எந்நேரமும் ஒரு பயம். அந்தப் பயத்தை உனக்கும் சோற்றோடு பிசைந்து ஊட்டினேன். உனக்கு ஏழு வயசிருக்கும், மினி பஸ்ஸில் டவுனுக்குப் போகிறோம். கூடைக்காரப் பெண்கள் நாலைந்து பேர் ஸ்டாப்பில் கை காட்ட, கண்டக்டர் "நாத்தம் தாங்காது, போலாம் ரைட்" என்று விசில் ஊதினார். நீ சீட்டின் மேல் ஏறி நின்று ராகம் போட்டாய்: "கண்டக்டர் மாமா, கண்டக்டர் மாமா, மூக்கப் புடிச்சுக்க, மத்தியானம் வறுத்த மீனு வந்தா வாயத் தொறந்துக்க." பஸ் மொத்தமும் சிரித்தது. டிரைவர் சிரித்துக்கொண்டே பிரேக் போட்டார். "ஏறுங்க, ஏறுங்க, இல்லன்னா இந்த வாண்டு என்னைய விடாது" என்றார் கண்டக்டர். கூடைகள் ஏறின. நான் என்ன செய்தேன் தெரியுமா? உன் தொடையைக் கிள்ளினேன். "பொம்பளப் புள்ள பஸ்ல நின்னு பாடலாமாடி?" மூன்று நாள் கன்றிக் கிடந்தது அந்த இடம். கூடை ஏறியது என் கண்ணில் படவே இல்லை. எல்லோரும் நம்மைத் திரும்பிப் பார்த்தது மட்டும்தான் பட்டது.

பத்து வருஷம் கழித்துச் சுனாமி அலை வந்தது. வீடு போனது. எல்லோருக்கும் போனதுதான், அதை எழுதப்போவதில்லை. மறுவருஷம் ஒரு தொண்டு நிறுவனம் ஃபைபர் படகு தர முன்வந்தது, நாலு குடும்பத்துக்கு ஒரு படகு. குடும்பங்களின் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும். பஞ்சாயத்தார் நம் வீட்டுக்கே வந்தார்கள். நம் ஊரில் குடும்பம் என்றால் தலைக்கட்டு என்பது உனக்குத் தெரியும். கல்யாணமான ஆண் ஊருக்கு வரி கொடுத்தால் அது ஒரு தலைக்கட்டு. அவன் செத்துப்போனால் பெண்டாட்டியிடம் வரி கேட்க மாட்டார்கள். பார்ப்பதற்கு இரக்கம் போலத்தான் இருக்கும். ஆனால் வரியை விலக்கிய கையோடு ஆளையும் விலக்கிவிடும் வழக்கம் அது. பஞ்சாயத்துப் பெரியவர் பெயர்களைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அலையில் புருஷனைக் கொடுத்த ஏழு வீடுகளை அவர் சொல்லாமல் தாண்டியபோது என் பேனா நின்றது.

"இவங்கல்லாம்?"

"அது தலைக்கட்டு இல்லையே தங்கச்சி. கடலுக்குப் போற ஆளுக்குத்தான படகு? அவங்கள ஊரு பாத்துக்கும். நீங்க அடுத்த பேர எழுதுங்க."

எழுதினேன். அந்தப் படிவத்தில் குடும்பத் தலைவரின் பெயருக்குப் பக்கத்தில், ஆணா பெண்ணா என்று ஒரு கட்டம் இருந்தது. பெண் பெயரும் வரும் என்று எண்ணித்தான் அந்தக் கட்டத்தைப் போட்டிருந்தார்கள். அது ஆங்கிலத்தில் இருந்தாலும் எனக்குப் புரியும்; அதற்குத்தானே படித்தேன். எல்லாக் கட்டத்திலும் ஆண், ஆண், ஆண் என்று எழுதிக்கொண்டே போனேன். "டீச்சரம்மா எழுத்து அச்சடிச்ச மாதிரி" என்று பெரியவர் காகிதத்தைத் தூக்கிக் காட்டினார். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று, மகளே. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வருஷம் உன் சித்தப்பா மகளின் கல்யாணம். மாப்பிள்ளை, பெரியவரின் மகன். நலங்கு அன்று பெண் வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளை வீட்டாரைப் பாட்டால் வாருவதும், அவர்கள் திருப்பி வாருவதும் நம் பக்கத்து வழக்கம். மூக்கு, மீசை, கஞ்சத்தனம், குடி, எதையும் விடுவதில்லை. அன்றைக்கு யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது; கோபித்தால் அதற்கும் ஒரு பாட்டு. நீ நர்சிங் இரண்டாம் வருஷம். உன்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். மாப்பிள்ளையின் தூக்கத்தைப் பாடினாய், அவன் அண்ணனின் தொப்பையைப் பாடினாய். பெரியவரே வேட்டியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். அப்போதுதான் அதே மெட்டில் திரும்பினாய்:

சந்தனம் பூசுங்க சம்பந்தி மாமாவுக்கு
பன்னீரும் தெளிச்சிடுங்க – அவரு
படகு கொடுத்த கதை பாட்டாப் படிக்கிறேன்
பக்கத்துல வந்துடுங்க.

தலைக்கட்டு வீட்டுக்கெல்லாம் தண்ணியில படகு வந்து
தள்ளாடி நிக்குதுங்க – தாலி
அறுத்தவ வீட்டுக்குத் தலையே இல்லேன்னு
யாரு எண்ணிச் சொன்னதுங்க?

அடுப்படிப் பக்கம் மறைவாக நின்ற ஒருத்திதான் முதலில் சிரித்தாள். அஞ்சலை என்று வைத்துக்கொள்வோம். அந்த ஏழு பேரில் ஒருத்தி, நலங்குக்கு முன்னால் வந்து உட்கார முடியாதவள். அவள் சிரித்ததும் எல்லாப் பெண்களும் "யாரு எண்ணிச் சொன்னதுங்க, யாரு எண்ணிச் சொன்னதுங்க" என்று கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார்கள். நீ மூன்றாவது அடிக்கு வாயெடுத்தாய். என்னைப் பார்த்தாய். பிறகு, தொண்டை கட்டிவிட்டது என்று தண்ணீர் கேட்டாய். இரண்டு அடியே போதுமானதாக இருந்தது. மறுநாள் பெரியவர் மீன் ஏலத்துக்கு வந்தபோது கூடைகளுக்குப் பின்னாலிருந்து யாரோ ஒருத்தி "பக்கத்துல வந்துடுங்க" என்று இழுக்க, ஏலம் கூறுகிறவன் விலையை மறந்து சிரித்துவிட்டானாம்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை நான் கல்லூரியில் என்ன நடத்தினேன் என்று உனக்குச் சொன்னதில்லை. காமன்வெல்த் இலக்கியம் என்று ஒரு தாள். அதில் மேற்கிந்தியத் தீவுகளைப் பற்றிச் சொல்லும்போது அங்கத்துக் கேலிப் பாட்டான கலிப்ஸோவைப் பாடுகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதே காரைக்கால் கரையிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன கப்பல்களில் சில, அந்தப் பக்கத்துத் தீவுகளுக்குத்தான் போயின என்று ஆரம்பித்தால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். நமக்கு முன்னால் அங்கே போனவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் போனவர்கள். அவர்கள் ஊரில் பாடுவதற்கென்றே சில குலங்கள் இருந்தன. அரசனின் ஏழு தலைமுறையையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவன் வீரத்தைப் புகழ்கிற அதே வாயால் அவன் கஞ்சத்தனத்தையும் பாடுவார்கள். அரசன் கையை ஓங்க முடியாது. அவர்களைக் கண்டு எல்லோருக்கும் பயம். ஆனால் அவர்கள் வீட்டில் யாரும் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அடிமைக் கப்பலில் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டார்கள், இதைப் பிடுங்க முடியவில்லை. கரும்பு வெட்டும்போது ஒருவர் அடியெடுக்க, மற்றவர்கள் பின்பாட்டு. வெள்ளைக்கார முதலாளிக்குப் புரியாத பேச்சில் அவன் எதிரிலேயே அவனைப் பற்றிப் பாட்டு. சில முதலாளிகள், பக்கத்துத் தோட்டக்காரனைத் திட்டுவதற்கென்றே தங்கள் ஆட்களில் ஒரு பாடகனை வைத்துக்கொண்டார்களாம். விடுதலைக்குப் பிறகு திருவிழாவில் கம்புச் சண்டைக் கூட்டங்கள் வந்தன. ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் எதிர்க் கூட்டத்தைப் பாட்டால் குத்துகிறவர் ஒருவர் நடப்பார். ஆங்கிலேய அரசு மேளத்தை அடக்கியபோது மூங்கிலை வெட்டித் தரையில் இடித்துத் தாளம் போட்டார்கள். பிறகு டிக்கெட் வாங்கிக் கேட்கிற பாட்டுக் கொட்டகை வந்தது, கோட்டும் தொப்பியும் வந்தன, பிரபு என்றும் ராஜா என்றும் தங்களுக்குத் தாங்களே பட்டம் வைத்துக்கொண்டார்கள். பத்திரிகை படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர்களே பத்திரிகை. கவர்னரின் தப்பு, விலைவாசி, பெரிய வீட்டு ரகசியம், எல்லாம் பாட்டில் வரும். போலீஸ் வந்து பாட்டை முன்கூட்டியே எழுதிக் காட்டச் சொன்னது. அதையும் பாடினார்கள்.

கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான். "மேம், அந்த ஆள யாரும் வெளில வச்சு அடிக்க மாட்டாங்களா?"

"அடிச்சா அடுத்த பாட்டு அடிச்சவனப் பத்தித்தான் வரும், தம்பி. அதுதான் அவன் பலம்" என்றேன். வகுப்பு கை தட்டியது. நான் சாக்பீஸைத் துடைத்துக்கொண்டு, பெரிய நியாயவாதி மாதிரி வெளியே வந்தேன். மறுநாள் மாலை கோயில் வாசலில் ஊர்க்கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் நடந்ததை நீ தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டாய். நான் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதனால் நான் சொல்வதைக் கேள். ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா முன்னால் கைகட்டி நின்றார். நாம் பின்னால். "சபையில வச்சு ஊர அசிங்கப்படுத்திடுச்சு ஒங்க புள்ள" என்றார் ஒருவர். உன் சித்தப்பா எழுந்து, "நலங்குல பாடுனதுக்கு எந்த ஊருலங்க கூட்டம் போட்டிருக்காங்க? என் மீசையத்தான் அவங்க வூட்டு அத்தாச்சி வெளக்கமாறுன்னு பாடுச்சு. நான் கூட்டம் கூட்டுனனா?" என்றார். ஆண்களிடையே சிரிப்பு ஓடியது. பின்வரிசையில் ஒருவர், "அதான, வழக்கம்தான" என்றார். பெரியவர் தாடையைச் சொறிந்தார். அவருக்கும் அது வழக்கம் என்று தெரியும். நலங்கில் பாடியவளைத் தண்டித்தால் நாளைக்கு எந்த வீட்டிலும் நலங்கு நடக்காது. எப்படி இறங்குவது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தார். இறங்குகிற சாக்கில், "பாட்டு புள்ள கட்டுனதா, இல்ல படிச்சவங்க யாரும் கட்டிக் குடுத்ததா?" என்று கேட்டார். அது வெறும் வாய்ப்பேச்சு. ஆனால் என்னைத்தான் கேட்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். பட்டியலை எழுதியவளே பாட்டையும் கட்டிக் கொடுத்தாள் என்று வந்தால், இரண்டு பக்கமும் என்னைக் கிழிப்பார்கள். என்னை யாரும் முழுசாகக் கேட்கும் முன்னால் நானே முன்னால் வந்தேன். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அவளாத்தான் பாடுனா. வாய்த்துடுக்கு. இப்பவே மன்னிப்பு கேக்க வைக்கிறேன்."

நான் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்திருந்தால் கூட்டம் கலைந்திருக்கும். வழக்கம் என்று ஊர் உனக்குக் கொடுத்து வைத்திருந்த காப்பை, உன்னைப் பெற்ற நானே கழற்றி ஊரின் கையில் கொடுத்தேன். பெற்றவளே தப்பு என்று சொன்ன பிறகு அவர்களுக்கு என்ன? "விழுடி" என்றேன். உன் பிடரியில் கையை வைத்து அழுத்தினேன். "மன்னிச்சிடுங்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னாய். இனிமேல் ஊருக்குள் பாடக் கூடாது என்று பெரியவர் சொன்னபோது, "பாட மாட்டா" என்று உனக்காக நான் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும், முட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே சொன்னாய்: "அந்த லிஸ்ட்டு ஒன் கையெழுத்துன்னு எனக்குத் தெரியும்மா. ஆபீஸ்ல ஒட்டியிருந்தப்பவே பாத்துட்டேன். மூணாவது அடி ஒன்னப் பத்தித்தான். ஒன் மூஞ்சியப் பாத்துட்டு முழுங்கிட்டேன்." கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர்க் குடத்தை நகர்த்தி வை என்பது போலச் சொன்னாய். அதற்குப் பிறகு இரண்டு வருஷத்தில் என்னிடம் நீ பேசியதெல்லாம் சோறு, குடை, சாவி, பஸ் நேரம்.

அதன் பிறகுதான் அந்தப் பாடகர்களைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன். வகுப்புக்காகப் படித்ததில் பாதியை விட்டிருந்தேன். முதலில் அந்தக் கம்புச் சண்டைக் கூட்டங்களை நடத்திப் பாடியவர்களில் நிறையப் பேர் பெண்கள். தெருவில் நின்று, இடுப்பில் கை வைத்து, எதிராளியின் பெயரைச் சொல்லிப் பாடியவர்கள். அவர்களை அரசாங்கம் மட்டும் விரட்டவில்லை. மெல்ல மெல்ல மேலே வந்துகொண்டிருந்த அவர்கள் இனத்துக் கௌரவமான வீடுகளும் சேர்ந்துதான் விரட்டின: படித்த, வெள்ளை உடுப்புப் போட்ட, நாலு பேர் பார்க்கிறார்களே என்று பதறுகிற வீடுகள். அவர்கள் ஒதுங்கிய பிறகு கொட்டகையில் பட்டத்தோடு ஏறி நின்றவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மறுபடி ஒரு பெண் அந்த மேடையில் தலை நிமிர்ந்து நிற்க ரொம்ப காலமாயிற்று. பாடகருக்குப் பரிசும் பண உதவியும் வந்த பிறகு, யாரைப் பாடலாம் யாரை விடலாம் என்று கணக்குப் பார்த்தவர்களும் உண்டு. நீ என்னை விட்டது அந்தக் கணக்கில் சேராது, ஆனாலும் விட்டாய். கலிப்ஸோ என்ற சொல்லுக்கே, பாட்டு முடிந்ததும் கூட்டம் கத்துகிற ஒரு பழைய ஆப்பிரிக்கச் சொல்தான் மூலம் என்கிறார்கள். அதற்கு 'சபாஷ்' என்று பொருள் என்கிறார்கள் சிலர். 'உனக்கு இரக்கம் கிடையாது, நன்றாக வேண்டும்' என்று பொருள் என்கிறார்கள் வேறு சிலர். எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது.

நீ போன மூன்றாம் நாள் அஞ்சலையின் வீட்டுக்குப் போனேன். கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, அந்தப் பட்டியல நான்தான் எழுதுனேன்" என்றேன். நிமிரவே இல்லை அவள்.

"இதச் சொல்லவா வேகாத வெயில்ல வந்த? ஊருல இங்கிலீசு எழுதத் தெரிஞ்சது நீ ஒருத்திதான். நாங்க என்ன, ஆண்டவன் எழுதுனான்னா நெனச்சிருப்போம்?"

"ஏங்க்கா ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா என்ன செஞ்சிருப்ப? அழுதிருப்ப. அத வச்சு நான் என்ன கொழம்பா வைக்கிறது?" ஈயை விரட்டினாள். "ஒம் பொண்ணு பாடுனப்பதான், ஏழு வீடு இருக்குன்னு இந்த ஊருக்கு ஒறச்சுச்சு. ஒரு வாரம் பெரியவரு எந் தெருப் பக்கம் வரல, தெரியுமா? படகுல பங்கு வாங்கித் தரேன்னு ஆளு விட்டாரு. நீ அவளப் புடிச்சு மண்ணுல தள்ளுன பாரு, அதோட அந்தப் பேச்சும் போச்சு. லிஸ்ட்டு எழுதுனத விடு. அதுக்கு நீ இல்லன்னா வேற ஒருத்தன். இதுக்கு நீ மட்டும்தான்."

இது எனக்குத் தெரியாது. நான் உன்னைக் கிள்ளிய இடங்களில் எல்லாம் உன் பாட்டால் யாருக்காவது ஏதாவது கிடைத்திருக்கிறது, எனக்குத்தான் தெரிந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை, ஒரு நிறுவனம் கட்டித் தரப்போகிற புது வீடுகளின் பட்டியலுக்காகக் கூட்டம் போட்டார்கள். கேட்காமலே முன்னால் போய் நின்றேன். படகுப் பட்டியலில் ஏழு வீட்டை விட்டது தப்பு, தெரிந்தே விட்டேன், என் பிள்ளையை விழச் சொன்னது அதைவிடத் தப்பு, தண்டனை போடுவதானால் எனக்குப் போடுங்கள் என்றேன். ஊரே கொந்தளிக்கும் என்று எதிர்பார்த்தேன். பெரியவர் சிரித்தார், கோபச் சிரிப்பு இல்லை, நிஜமாகவே அன்பாகச் சிரித்தார்.

"எதுக்கு தங்கச்சி தண்டன? நாங்க சொன்னோம், நீங்க எழுதுனீங்க. நல்லாத்தான் எழுதுனீங்க. புள்ள வேலைக்குப் போன வெசனம், ஒக்காருங்க. வந்ததுதான் வந்தீங்க, இந்த வீட்டு லிஸ்ட்டையும் ஒங்க கையாலயே எழுதிக் குடுத்துடுங்க."

பேனாவை நீட்டினார். "ஏழு பேரையும் சேத்தா எழுதுறேன்" என்றேன். "பாப்போம், பாப்போம்" என்றார். நான் பேனாவை வாங்கவில்லை. அதற்கும் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் டைப் அடித்து வாங்கிக்கொண்டார்கள். உன் சித்தப்பா பார்த்துவிட்டு வந்து சொன்னார், அந்த ஏழு பெயரும் இல்லையாம். அந்த நிறுவனத்துக்கு நான் தனியாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை. மறுபடி எழுதுவேன். எழுதுகிறவளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை என்பது இப்போது எனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுவேன்.

உன் இரண்டு அடிப் பாட்டுக்கு ஒரு ஊர் ஒரு வாரம் தூங்கவில்லை. என் முழு வாக்குமூலத்துக்கு உட்காரச் சொல்லிப் பேனாவைக் கொடுத்தார்கள். உனக்கும் எனக்கும் உள்ள தூரம் அவ்வளவு. அதனால் உன்னைத் திரும்பி வா என்று கூப்பிடவில்லை. மன்னித்துவிடு என்றும் கேட்கவில்லை. அந்த வார்த்தையை உன் வாயிலிருந்து பிடுங்கி எங்கே போட்டேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. "பாட மாட்டா" என்று உனக்காக நான் கொடுத்த வாக்கை மட்டும் இதோ எழுத்தில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அது என்னுடையது, உன்னுடையது இல்லை. உன்னோடு வேலை பார்க்கிற பெண்கள் என்றைக்காவது உன்னைப் பாடச் சொல்வார்கள். வளைகாப்போ, கல்யாணமோ, வேலைநிறுத்தமோ, ஏதோ ஒன்று வரும். அன்றைக்குப் பெரியவரைப் பாடு, படகைப் பாடு. அதோடு நிறுத்தாமல் என்னையும் பாடு, என் பெயரைச் சொல்லியே பாடு. கேட்கிறவர்கள் "பாவம், அம்மாவாச்சே" என்பார்கள். அதற்காக ஒரு எழுத்தைக்கூடக் குறைக்காதே.

அம்மா